மரத்தை வெட்ட மச்சானின் கையெழுத்து வேண்டி

ஹலாபாவுக்கு மேற்கே, காப்பித் தோட்ட வீடு.
செப்டம்பர் 14, ஞாயிறு. தூறல்.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் பெலிசாரியோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஒதிலியாவின் கணவன் எவரிஸ்தோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இந்த இடத்தில் நான் நலம் என்று எழுத வேண்டியது முறை. நாற்பது வருஷம் நில அளவைப் பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன், முறை தெரியாதவன் இல்லை. ஆனால் பொய்யைப் பதிவேட்டில் ஏற்றிப் பழக்கமில்லை. எனக்கு மூக்கு ஒழுகுகிறது, என் வீடு ஒழுகுகிறது, இந்தக் கடிதத்தை எழுதுகிற மேஜையின் ஒரு மூலையில் பாத்திரம் வைத்து அதில் விழுகிற சொட்டுகளை எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். ஆகவே என் நலத்தை விட்டுவிட்டு உங்கள் நலத்தை மட்டும் விசாரித்துக்கொள்கிறேன். மொந்தெர்ரேயில் பன்னிரண்டாவது மாடியில், மழையை டி.வி.யில் மட்டும் பார்க்கிறவருக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்.

விஷயத்துக்கு வருவதற்கு முன் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு எதையும் கடைசியிலிருந்து படிக்கிற பழக்கம் உண்டு. எங்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கீழே இருந்து ஆரம்பித்து, மாப்பிள்ளை பேருக்கு வருவதற்கு முன்னாலேயே அச்சகத்தைப் பற்றிக் குறை சொன்னவர் நீங்கள். தயவுசெய்து இந்த ஒரு கடிதத்தையாவது மேலிருந்து கீழே படியுங்கள். இதோடு ஒரு நகராட்சிப் படிவம் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டுக்கு நடுவில் நிற்கிற லிக்கிதாம்பர் மரத்தை வெட்டப் போகிறேன். அதற்கு உங்கள் சம்மதம் தேவை.

என் வீட்டு மரத்துக்கு உங்கள் கையெழுத்து எதற்கு என்று கேட்பீர்கள். மரம் என் வீட்டில் இருக்கிறதே தவிர என்னுடையது இல்லை. உங்கள் அப்பா தோட்டத்தை உங்களுக்கும் ஒதிலியாவுக்கும் பிரித்துக் கொடுத்தபோது, மேல் பாதி அவளுக்கு, கீழ்ப் பாதி உங்களுக்கு, நடு எல்லை இந்த மரம். அப்படி எழுதிப் பதிந்த இளம் குமாஸ்தா யார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். எல்லைக்குக் கல் நடுவதுதான் வழக்கம். கல் நட்டால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். நான் கல்லை நடாமல், எல்லை மரம் வளரும் தன்மை உடையது, ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை அதன் சுற்றளவு சரிபார்க்கப்பட வேண்டும் என்று எழுதினேன். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. பொய்யைப் பதிவேட்டில் ஏற்றிப் பழக்கமில்லை என்று மேலே சொன்னேனே, இது ஒன்றைத் தவிர. வருஷம் தவறாமல் மே மூணாம் தேதி அளவு நாடாவோடு வந்து நிற்பேன். நாடாவின் ஒரு முனையை ஒதிலியா மரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்வாள், மறுமுனையோடு நான் சுற்றி வருவேன். நீங்கள் காப்பிப் பழம் உலர்த்துகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "இந்த ஆபீசர் மரத்தைப் பார்க்க வர்றதா எனக்குத் தெரியலடி" என்று அவளிடம் சத்தமாகச் சொன்னீர்கள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னீர்கள், கேட்டது.

ஆகவே அந்த மரம் சட்டப்படி பாதி உங்களுடையது. அதைச் சுற்றிக் கட்டியதால் வீடும் ஏறக்குறையப் பாதி உங்கள் நிலத்தில் நிற்கிறது. படுத்தால் என் தலை ஒதிலியாவின் பங்கில் இருக்கும், கால் உங்கள் பங்கில். கால் குடைச்சல் எல்லாம் உங்கள் எல்லைக்குள்தான் நடக்கிறது, அந்த முறையிலாவது நீங்கள் இதில் அக்கறை காட்ட வேண்டும்.

எனக்கு ஒரு சாதாரண வீடு போதும் என்று நான் சொன்னேன். நாலு சுவர், மேலே காங்கிரீட் தளம், தளத்தில் நாலு மூலையிலும் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், என்றைக்காவது மாடி எடுக்கலாம் என்று. பக்கத்து வீட்டு ஃபிலோமேனாவுக்கு அப்படி ஒரு வீடு இருக்கிறது. பத்தொன்பது வருஷமாகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, மாடி வரவில்லை, இருந்தாலும் அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். ஆனால் என் மகள் நயேலி கட்டடக்கலை படித்துவிட்டு வந்தவள். "நிலத்து மேல வீடு கட்டக்கூடாதுப்பா. நிலத்தோட சேர்ந்து கட்டணும். சரிவை வெட்டக்கூடாது, மரத்தை வெட்டக்கூடாது, தண்ணி போற வழிய மறிக்கக்கூடாது" என்றாள். "மனுஷனை வெட்டலாமா?" என்று கேட்டேன். ஒதிலியா சிரித்துவிட்டு மகள் பக்கம் போய் நின்றுகொண்டாள். "அந்த மரத்துக்கு அங்க நம்மளவிட உரிமை ஜாஸ்தி. அது பக்கத்துல நாமதான் போய் ஒண்டிக்கணும்" என்றாள். அப்போதே அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தது. உடம்பு சரியில்லாதவளோடு யார் வாதாடுவது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றுப் போனேன்.

வீடு எப்படி இருக்கிறது என்று நீங்கள் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். போட்டோவில் ஈரம் தெரியாது. சரிவை வெட்டக்கூடாது என்றதால் வீட்டுக்குள் ஏழு மட்டத்தில் தரை இருக்கிறது, சமையலறையில் கை தவறிய எலுமிச்சம்பழம் படிப்படியாக இறங்கிப் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போய் நிற்கும், அதை எடுக்க நானும் என் முழங்காலும் இறங்கி, குனிந்து, எடுத்து, ஏறி வருவதற்குள் எதற்காக எலுமிச்சம்பழம் எடுத்தேன் என்பதே மறந்து போகும். கூரையில் புல் வளர்த்திருக்கிறாள், மலைச்சரிவும் கூரையும் பின்பக்கம் ஒரே மட்டம், நடந்தே கூரைக்கு ஏறிவிடலாம், அதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, ஃபிலோமேனாவின் ஆடு. காலையில் நான் முட்டையும் பீன்ஸும் வைத்துக்கொண்டு உட்காருகிற நேரத்துக்கு அது கூரைக்கு வந்து, மரத்தைச் சுற்றி விட்டிருக்கிற இடைவெளி வழியாக என்னைப் பார்க்கும். நான் சாப்பிட்டு முடிக்கிற வரை பார்க்கும். அந்த இடைவெளிதான் மச்சான் என் தலைவலிக்கெல்லாம் காரணம். மரம் தரையில் ஆரம்பித்துக் கூரையைத் தாண்டிப் போகிறது, கூரையில் அதற்கு ஒரு ஓட்டை, மரத்துக்கும் கூரைக்கும் நடுவில் சுற்றிவர இடைவெளி. நயேலியின் வரைபடத்தில் மூணு சென்டிமீட்டர் என்று இருக்கிறது, அதை மூட ஒரு ரப்பர் வளையம். மேஸ்திரி கிரெஸென்சியோ கண்மதிப்புக்கு வெட்டிவைத்ததில் ரப்பர் எட்டவே இல்லை, காதுக்குப் பக்கத்தில் நழுவிய தொப்பி மாதிரித் தொங்குகிறது. அந்த வழியாக வருஷத்தில் எட்டு மாதம் நம்ம ஊர் சிப்பிச்சிப்பித் தூறல் உள்ளே வருகிறது, தூறல் விட்டதும் மூடுபனி வருகிறது, மூடுபனி போனதும் தவளை வருகிறது. மரத்தின் முள்ளுருண்டைக் காய்கள் வருகின்றன, வெறுங்காலால் மிதித்தால் தெரியும். கொஞ்ச நாளாக, துலாக்குவாச்சே என்கிற பைப்பிராணி ஒன்று அந்த வழியாக இறங்கி என் புத்தக அலமாரியில் குடியேறியிருக்கிறது. பெருச்சாளி மூஞ்சி, வயிற்றுப் பையில் எட்டுக் குட்டி. நான் விளக்கைப் போட்டால் செத்த மாதிரிப் படுத்துக்கொள்கிறது. எனக்கும் அதைத்தான் செய்யத் தோன்றுகிறது, ஆனால் அலமாரியில் இடமில்லை.

இதில் என்னால் தாங்க முடியாதது எறும்பு. ஒதிலியாவின் போட்டோவுக்கு முன்னால் தினம் காலையில் டேலியாப் பூ நாலு வைக்கிறேன். மத்தியானத்துக்குள் இலைவெட்டி எறும்புகள் வரிசையாக வந்து இதழ் இதழாக நறுக்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மரத்தில் ஏறி, அந்த இடைவெளி வழியாக வெளியே போய்விடுகின்றன. சாயங்காலம் வெறும் காம்பு நிற்கும். மருந்து அடிக்கலாம் என்றால், மருந்து வேருக்குப் போகும், கூடாது என்கிறாள் நயேலி. அவள் சிலி நாட்டில் யாருக்கோ பாறையோடு சேர்த்து வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள், போனில் பேசினால் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. "அம்மா இருந்தா எறும்பைப் பார்த்து ரசிச்சிருப்பாங்கப்பா" என்றாள். இருந்தால் பூ எதற்கு வைக்கப் போகிறேன் என்று கேட்க வந்தது, கேட்கவில்லை.

பத்திரிகையிலிருந்து ஒருத்தர் படம் எடுக்க வந்தார். வீட்டுக்கும் காட்டுக்கும் எல்லையே தெரியவில்லை என்று சுவரைத் தடவிக்கொண்டே சொன்னார். நான் வாழ்நாள் பூராவும் எல்லை போட்டுச் சம்பளம் வாங்கியவன், என்னிடம் வந்து இதைப் பாராட்டாகச் சொல்கிறார். அப்புறம் என் நாற்காலியைப் பார்த்தார். உங்களுக்குத் தெரியும், பீர் விளம்பரம் போட்ட சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, இந்த வீட்டில் ஈரம் இறங்காத ஒரே பொருள். "ஐயா, இது சுற்றுப்புறத்தோட ஒட்டலை, கொஞ்சம் நகர்த்திக்கலாமா" என்றார். நகர்த்தினேன். திரும்ப உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்களும் கொஞ்சம்" என்றார். மழையும் ஆடும் எறும்பும் எட்டுக் குட்டியும் ஒட்டுகிற வீட்டில் நான் ஒருத்தன்தான் ஒட்டவில்லை. தோட்டத்துக் கொட்டகையில் போய் நின்றுகொண்டேன். படம் நன்றாக வந்திருக்கிறதாம்.

ஃபிலோமேனா தார்ப்பாய் ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, நான் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். சுவரை முடிக்கறதுக்குள்ள மேஸ்திரி ஓடிட்டாரா?" என்றாள். இல்லை, முடித்தாயிற்று, இவ்வளவுதான் வீடு என்றேன். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். "உங்க பொண்ணு படிச்ச பொண்ணாச்சே" என்றாள். அப்புறம், தன் கொழுந்தனிடம் மோட்டார் ரம்பம் இருக்கிறது, மரத்தை அரை நாளில் இறக்கிவிடுவான், ஓட்டையைக் காங்கிரீட் போட்டு மூடிவிட்டால் மனுஷன் குடியிருக்கிற வீடாக ஆகிவிடும் என்றாள். இந்த வீட்டைப் பற்றி நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

இருந்தாலும் கட்டினவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்வது நாகரிகம் இல்லை என்று மேஸ்திரி கிரெஸென்சியோவைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், நான் சொன்னதைக் கேட்டார், "முடியாதுங்க ஐயா. மேல சிலுவை இருக்கு" என்றார். உங்களுக்கு நினைவுக்கு வராது, போன வருஷம் மே மூணாம் தேதி, கொத்தனார்கள் கொண்டாடுகிற திருச்சிலுவைத் திருநாளுக்கு நீங்கள் வரவில்லை. கொத்தனார்கள் எல்லாம் காகிதப்பூ கட்டிய சிலுவையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், கட்டடத்தின் உச்சியில் நடுவதற்கு. எங்கள் கட்டடத்துக்கு உச்சி ஏது. காப்பிச் செடிக்கு மேல் சுவர் எழும்பக்கூடாது என்று நயேலி உத்தரவு போட்டிருந்தாள். மேஸ்திரி நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, உச்சியில் இருப்பது மரம்தான் என்று முடிவுகட்டி, அறுபது வயசில் ஏறிக் கிளைக்கவட்டில் கட்டிவிட்டு வந்தார். வெடி போட்டார்கள், ஆடு ஓடிப் போய் மறுநாள்தான் வந்தது. ஒதிலியா பதினோரு பேருக்கு மோலே குழம்பு கிளறினாள். மிளகாயையும் சாக்லேட்டையும் அரைத்துக் கொடுத்தது நான்தான், கிளற நான் போதவில்லையாம். உட்காரு என்றால் கேட்கவில்லை. அன்றைக்கே மரத்தையும் அளந்தோம், அது நாற்பத்தைந்தாவது அளவு, இரண்டு மீட்டர் பன்னிரண்டு. நாடாவின் முனையை அந்தத் தடவை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சிலுவையை இறக்கிட்டு வெட்டுங்க மேஸ்திரி" என்றேன்.

"வேலை முடிஞ்சாத்தானே சிலுவையை இறக்குவாங்க."

"முடிஞ்சு எட்டு மாசம் ஆகுதே."

"கட்டடம் முடிஞ்சுதுங்க. மரம் முடியலையே. அது இன்னும் வளருது."

"நீர் இடைவெளியை ஒழுங்கா விட்டிருந்தா எனக்கு இந்தப் பேச்சே வந்திருக்காது. மூணு விடச் சொன்ன இடத்துல எவ்வளவு விட்டீர்?"

"அளந்தீங்களா?" என்று கேட்டார்.

"கண்ணால பாத்தாலே தெரியுது."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். தப்பு செய்தவனுக்கு ரோஷம் வேறு.

மச்சான், இதுவரை எழுதியது எல்லாம் ஒழுகுகிற கதை. ஒழுகினால் பாத்திரம் வைத்துக்கொள்ளலாம். வேறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் கையெழுத்துக் கேட்டால் நன்றாக இருக்காது. போன நவம்பரில் ஒதிலியா போய்விட்டாள். வீடு ஜனவரியில் முடிந்தது. இந்த வீட்டில் அவள் ஒரு நாள்கூடப் படுத்துத் தூங்கவில்லை. அவளுக்காக என்று நான் ஒத்துக்கொண்ட வீடு, அவள் ஆசைப்பட்ட மரம், எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அவள் மேல் கோபம். செத்தவள் மேல் கோபப்படக்கூடாது என்று பாதிரியார் சொல்கிறார், அவர் வீடு ஒழுகவில்லை. அந்த மரம் எப்போதும் கண் முன்னால் நிற்கிறது. சாப்பிடும்போது நிற்கிறது, சவரம் செய்யும்போது கண்ணாடியில் நிற்கிறது. மரம் பெருக்கப் பெருக்க, நான் நாடாவோடு சுற்றி வரும்போது நடுவில் ஓரிடத்தில் அவள் மறைந்துபோவாள், இன்னும் இரண்டு அடி வைத்தால் திரும்பத் தெரிவாள். இப்போது எத்தனை அடி வைத்தாலும் அந்தப் பக்கம் யாரும் இல்லை. இந்த மே மூணாம் தேதி நான் மரத்தை அளக்கவில்லை. நாடாவை எடுத்தேன், திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவை.

ஆகவே மரம் போகட்டும். அது இருக்கிற இடத்தில் காங்கிரீட் வரட்டும், நாலு கம்பியும் நீட்டிக்கொள்கிறேன். படிவத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். மரத்தின் வகை, நிற்கும் இடம், வெட்டக் காரணம். காரணத்துக்கு ஒரு வரிதான் இடம் கொடுத்திருக்கிறார்கள், "ஈரம்" என்று எழுதியிருக்கிறேன். மார்பு உயரத்தில் சுற்றளவு என்ற கட்டம் மட்டும் காலி. நாளைக்கு அளந்து போட்டுவிட்டு அஞ்சலில் சேர்க்கிறேன்.

உங்கள் மனைவி கிளெமென்சியா அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் சர்க்கரையையும் அக்காவின் முழங்காலையும் குவாதலூப்பே மாதா கண்போலக் காக்கட்டும். உங்கள் கட்டடத்து லிஃப்ட் இந்த வருஷமாவது ஓடட்டும். உங்கள் வீட்டில் வறட்சி நிலைத்திருக்கட்டும், இதை ஆசீர்வாதமாகவே சொல்கிறேன்.

என்றும் உங்கள் கீழ்ப்படிந்த, நனைந்த மைத்துனன்,
எவரிஸ்தோ சமூதியோ

பின்குறிப்பு. செப்டம்பர் 17, புதன்.

கடிதம் இன்னும் போகவில்லை. திங்கள்கிழமை தூறல் விடவில்லை, செவ்வாய்க்கிழமை சுதந்திர தினம், தபாலாபீஸ் இல்லை. அதற்குள் இது நடந்துவிட்டது.

திங்கள் காலையில் மரத்தை அளக்க உட்கார்ந்தேன், அதாவது நின்றேன். ஒரு ஆள் தனியாக அளக்க முடியாது மச்சான், இந்த வயசில் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. முனையை மரத்தில் அழுத்திவிட்டுச் சுற்றி வருவதற்குள் நாடா விழுந்துவிடும். முழங்காலால் அழுத்திப் பார்த்தேன், நெற்றியால் அழுத்திப் பார்த்தேன், மேலிருந்து ஆடு பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் பட்டை வெடித்துப் பிசின் வழிகிற இடத்தில் முனையை ஒட்டிவைத்தேன், பிடித்துக்கொண்டது. இரண்டு மீட்டர் பதினைந்து. கையோடு கூரைக்கு ஏறி இடைவெளியையும் அளந்தேன். சுற்றிவர எங்கே வைத்தாலும் ஒன்பது சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் கூடவில்லை, குறையவில்லை. கண்மதிப்புக்கு வெட்டினால் இப்படி வராது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. அளவைச் சீட்டில் எழுதிக்கொண்டு நேரே மேஸ்திரி வீட்டுக்குப் போனேன்.

"மூணு விட வேண்டிய இடத்துல ஒன்பது விட்டிருக்கீர். அளந்துட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

"அளந்துட்டீங்களா" என்றார். உள்ளே போய்த் தன் வேலைப் பையைக் கொண்டுவந்து, ரசமட்டத்துக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "அம்மா குடுத்தது. மோலே சாப்பிட்ட அன்னிக்கு. அவர் அளக்காம உங்களைக் குத்தம் சொன்னா வாயத் திறக்காதீங்க, அளந்துட்டு வந்து சொன்னா காட்டுங்கன்னாங்க. எட்டு மாசமா ஊர்ல எனக்குக் கெட்ட பேருங்க ஐயா, படத்த விட்டுட்டு கண்டபடி வெட்டிட்டேன்னு. வாங்கிக்குங்க" என்றார்.

ஒதிலியாவின் கையெழுத்து. என்னுடைய நாற்பத்தைந்து வருஷ அளவுகளையும் என் குறிப்பேட்டிலிருந்து வரிசையாக எடுத்து எழுதியிருந்தாள். கீழே கணக்கு. வருஷத்துக்குச் சுற்றளவில் இரண்டே முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியாகப் பெருக்கிறது, அப்படியானால் ஒவ்வொரு பக்கமும் நாலு மில்லிமீட்டரும் கொஞ்சமும். அடுத்த வருஷ அளவு என்று போட்டு, இரண்டு மீட்டர் பதினைந்து என்று எழுதியிருந்தாள். அதற்கும் கீழே: "எவரிஸ்தோவுக்கு இப்போ எழுபத்தொண்ணு. அவர் அப்பா தொண்ணூத்திரண்டு வரைக்கும் இருந்தார். இருபத்தொரு வருஷத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர் வேணும். நயேலி கிட்ட சொல்ல வேண்டாம், மூணு போதும்னு சண்டைக்கு வருவா. மரம் நெருக்கினா கூரையை உடைக்கணும், இல்ல மரத்தை வெட்டணும். ரெண்டும் அவர் காலத்துல நடக்கக்கூடாது."

மேஸ்திரி வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி காப்பி கொடுத்தாள், குடித்தேனா என்று நினைவில்லை. மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்த வருஷ அளவை ஏன் மே மாதமே எடுக்கவில்லை என்று கேட்டார், காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதாவது மச்சான், உங்கள் தங்கை கணக்குப்படி இந்த வீடு வருஷாவருஷம் நாலு மில்லிமீட்டர் குறைவாக ஒழுகும். சரியாக நான் சாகிற வருஷம் ஒழுகல் நின்றுவிடும். அதுவரை நனைய வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். என் மேல் இவ்வளவு நம்பிக்கை யாருக்கும் இருந்ததில்லை.

நீங்கள் கடைசியிலிருந்து படிக்கிறவர் என்பது இந்த ஒரு தடவை நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம், அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாயை ஃபிலோமேனாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆட்டுக்குப் போர்த்துகிறாள். நாற்பத்தாறாவது அளவைக் குறிப்பேட்டில் ஏற்றிவிட்டேன், நாலு மாதம் தாமதம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டு. நாடாவின் முனை பிசினிலிருந்து இன்னும் வரவில்லை, மரத்திலேயே தொங்குகிறது. நாற்பத்தேழாவதுக்கு மே மூணாம் தேதி. நீங்கள் வந்துதான் ஆக வேண்டும், அந்தப் பக்கம் நின்று பிடித்துக்கொள்ள எனக்கு ஆள் இல்லை.